சுடுகிறவன் யார் என்பதையும் பாருங்கள்
மக்கள்தொகையில் 3.5% பேர் அமைதியாகத் தெருவில் இறங்கிவிட்டால் எந்த அரசும் நிற்காது என்கிறது அறவழிப் போராட்டம் பற்றிய இந்தக் கட்டுரை. 2011-ல் நான் பஹ்ரைனில் மீன்பிடி படகில் இருந்தேன் (எங்கள் தங்கச்சிமடம் பக்கத்து ஆட்கள் அங்கே நிறைய). தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் அரசை எதிர்த்துத் திரண்ட கூட்டம் அந்தச் சின்ன நாட்டுக்கு 3.5%-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. என்ன ஆச்சு? மார்ச் 14 அன்று கடல் பாலம் வழியாக சவூதி படை வந்தது. நாலே நாளில் நடுவில் நின்ற முத்துத் தூணையே இடித்துத் தள்ளினார்கள். அந்தத் தூண் பொறித்த 500 ஃபில்ஸ் காசையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்று இன்னும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. பிலிப்பைன்ஸில் 1986-ல் மக்கள் தெருவில் இறங்கியபோது ராணுவத்தில் ஒரு பகுதியே சர்வாதிகாரி மார்க்கோஸைக் கைவிட்டது. பஹ்ரைன் போலீஸிலோ வெளிநாட்டிலிருந்து எடுத்த ஆட்கள் ஏராளம், அவர்களுக்கு எதிரே நிற்பவன் மாமனா மச்சானா? மேலே கருத்து எழுதிய ஒருவர் வேலைநிறுத்தம் ஒன்றே போதும் என்கிறார். எங்கள் விசைப்படகு ஸ்டிரைக்கைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்: முதல் வாரம் ஜெட்டி நிறைய கோஷம், அப்புறம் டீசல் கடன்காரர் வீட்டு வாசலுக்கு வருவார், மறுநாள் விடியும் முன்பே கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனுக்கு வரிசை. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.