மாமா, உலைக்குக் கரி போடணும்

(களியக்காவிளையில் பஸ் ஏறி மருமகன் திருவனந்தபுரத்துக் கல்லூரிக்குப் போகிறான். வீட்டுக் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் விளையாட்டு ஓடுகிறது. அதோடு, விளையாட்டில் புது உலைகளையும் எந்திரங்களையும் சேர்க்கிற இம்மர்சிவ் இன்ஜினியரிங் என்கிற மோடும். நாற்காலியில் மாமா. ரப்பர் பால்வெட்டுக் கத்தி அடிக்கிற கொல்லர். காதில் போன்.)

மாமா: லே மக்கா, நீ சொன்ன மாதிரி நிலக்கரி அள்ளிப் போட்டாச்சு. சவம் பத்தவே மாட்டேங்கு.

மருமகன்: எந்த உலைல போட்டீங்க?

மாமா: சாம்பல் நெறத்துல ஒத்தக் கட்டையா இருக்கே, அதுல.

மருமகன்: அய்யோ மாமா, அது 2019-ல கேம்ல வந்த சாதா பிளாஸ்ட் ஃபர்னஸ். தாதுவும் உலோகச் சாமானும் உருக்க மட்டுந்தான். நிலக்கரிய வாங்கி வச்சுக்கிடும், ஆனா இரும்புக் கட்டிய உருக்காக்கத் தெரியாது. நம்ம உலை அந்தாக்க மூணுக்கு மூணுக்கு மூணா, 27 செங்கல்லுல பெருசா நிக்கும்.

மாமா: கண்டேன். அப்ப நிலக்கரிய இதுல மாத்துகேன்.

மருமகன்: மாத்தாதீங்க, அது பச்ச நிலக்கரிய எடுக்காது. நிலக்கரிய அடுப்புல வாட்டி எடுத்த கோக் வேணும், இல்லன்னா மரக்கரி.

மாமா: எடுக்காதுதான். பச்ச நிலக்கரில கந்தகம் கெடக்கு, இரும்புல ஏறினா அடிக்கும்போ நொறுங்கிரும். கேம் எழுதினவன் வெவரம் உள்ளவன், கேட்டியா.

மருமகன்: 1709-ல ஆபிரகாம் டார்பின்னு ஒருத்தர் இங்கிலாந்துல கோக் போட்டு இரும்பு உருக்கிக் காட்டினாரு, மாமா.

மாமா: பாவம், அவருக்குச் செரட்டைக் கரி கெடச்சிருக்காது.

மருமகன்: இப்ப உலை மேல மவுஸோட வலது பட்டன அமுக்குங்க. இடது பக்கம் மேல இரும்பு, கீழ கரி. வலது பக்கம் மேல உருக்கு, கீழ ஸ்லாக், அதான் கிட்டம்.

மாமா: இரும்பு 27 கெடக்கு. கீழ வலது மூலைல கிட்டம் 64.

மருமகன்: அதான் நின்னு போச்சு! ஒரு உருக்குக்கு ஒரு கிட்டம் விழும். நாம உருக்க மட்டும் எடுத்துட்டு கிட்டத்த அப்படியே விட்டுட்டோம். 64 நெறஞ்சா, கரி எவ்வளவு போட்டாலும் உலை அசையாது. மொதல்ல அத அள்ளுங்க.

மாமா: "நாம" எதுக்குலே சொல்லுக? நான் இன்னைக்குத்தான் இந்த நாற்காலில இருக்கேன். கிட்டம் அள்ளாம உலை மூட்டுகவன என் பட்டறைல நிறுத்த மாட்டேன். ம்... அள்ளியாச்சு.

மருமகன்: பாறசாலை வந்துட்டு, சிக்னல் போறதுக்குள்ள சொல்லிருதேன். பக்கத்துல கோக் அடுப்பு இருக்கும், அதையும் அமுக்குங்க. கோக் எத்தன?

மாமா: 24. நிலக்கரி இன்னும் மிச்சம் கெடக்கு, ஆனா இதும் நிக்குது. வலது பக்கத்துல ஒரு தொட்டி கழுத்து வர நெறஞ்சிருக்கு.

மருமகன்: கிரியோசோட். ஒரு நிலக்கரிக்கு அரை வாளி. தொட்டில 12 வாளிதான் கொள்ளும். அதனால 24 முடிஞ்சதும் கோக்கும் நின்னுரும். மேல் கட்டத்துல காலி வாளி வையுங்க, நெறஞ்சு கீழ வரும்.

மாமா: அந்தத் தாரெண்ணெய் நமக்குத் தெரியாதா? பலகைல பூசினா செதல் அண்டாது.

மருமகன்: இதுலயும் அதுக்குத்தான். 8 பலகைக்கு ஒரு வாளி. கொட்டிராதீங்க. இப்ப கணக்கக் கேளுங்க. ஒரு கோக் ஒரு நிமிஷம் எரியும், ஒரு உருக்கு வேக ஒரு நிமிஷம். மரக்கரி கால் நிமிஷந்தான், அப்ப நாலு மரக்கரிக்கு ஒரு உருக்கு. நமக்கு வேண்டியது 27.

மாமா: 24 கோக்கு இருக்கு. மூணு கொறவு. மரக்கரி 12 போட்டா ஒத்துரும்.

மருமகன்: மரக்கரி நாலுதானே இருக்கு? ஆனா வழி இருக்கு. ஒம்பது கோக்கச் சேத்து ஒரு கட்டியாக்கினா, அந்தக் கட்டி பத்துக் கோக்கு தேரம் எரியும். அப்படி ரெண்டு கட்டி போடுங்க, மிச்சம் ஆறு கோக்கு.

மாமா: ஒம்பத கட்டினா பத்தா? இந்தத் தராசு எந்த ரப்பர் கடைலலே வாங்கினது? செரி. இருபதும் ஆறும் இருபத்தாறு, நாலு மரக்கரிக்கு ஒண்ணு. இருபத்தேழு! கொள்ளாம்.

மருமகன்: ஒரே கட்டத்துல ரெண்டு வகக் கரி சேராது. மொதல்ல மரக்கரி, பொறவு கட்டி, கடைசில கோக்கு. முந்தினது எரிஞ்சு தீருக வர காத்திருக்கண்டாம். கடைசித் துண்டு உள்ள போனதும் கட்டம் காலியாகும், உடனே அடுத்தத வச்சிருங்க.

மாமா: அதுக்குள்ள நான் சாயா குடிச்சிட்டு வரட்டா?

மருமகன்: நீங்க போலாம். திரைல உள்ள ஆள் தூரமாப் போகப்பிடாது, போனா உலை ஒறங்கிரும். எஸ்கேப் பட்டனயும் தொடாதீங்க, மொத்த உலகமும் நின்னுரும். அப்புறம் இரும்ப நடுவுல வெளிய எடுக்காதீங்க, பத்தின கரி வெறுதே எரிஞ்சு தீரும்.

மாமா: உலை மூட்டிட்டு இரும்ப வெளிய எடுப்பானாலே எவனாவது? ஆ... பத்திட்டு, பத்திட்டு! நல்லா செவக்குது. ஆனா ஒரு நிமிஷம் ஒருவாடு தேரம். துருத்தி எங்க?

மருமகன்: இந்த உலைல வைக்க முடியாது. இதவிடப் பெரிய உலைல வைக்கலாம், ரெண்டு பக்கமும் காத்தச் சூடாக்குக ப்ரீஹீட்டர், கரண்ட்ல ஓடும். சீக்கிரம் வேகும்.

மாமா: அப்ப அதக் கெட்ட வேண்டியதுதானே?

மருமகன்: அதுக்கு 27 பலப்படுத்தின செங்கல் வேணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு உருக்குத் தகடு. ஒரு உருக்குக் கட்டிய அடிச்சா ஒரு தகடு.

மாமா: ...பொறு. இப்ப நான் காய்ச்சுக இந்த 27 உருக்கு, உருக்கு காய்ச்சுக இன்னொரு உலைக்கா?

மருமகன்: ஆமா மாமா. நெய்யாற்றின்கரை வந்தாச்சு, வைக்கட்டா?

மாமா: வச்சிராத. அந்த உலைல காய்ச்சுகத வச்சு என்ன செய்வ?

மருமகன்: அது... இன்னும் யோசிக்கல, மாமா.

மாமா: ஒரு பால்வெட்டுக் கத்தியாவது அடிலே!

மருமகன்: நம்ம உலகத்துல ரப்பர் மரம் கெடையாது.

மாமா: பின்ன என்ன மயித்துக்குலே களியக்காவிளைல இருந்துக்கிட்டு அந்த உலகத்துல போய்க் கெடக்க?