தாத்தார் பெயரெச்சமும் துருக்கியப் பெயரெச்சமும் ஒன்றல்ல

“தாத்தார் மொழி துருக்கியத்தின் வட்டார வழக்கே, பெயரெச்ச விகுதியில் ஒரு ககர ஒலி கூடியிருப்பது மட்டுமே வேறுபாடு” என்ற கூற்று பரவி வருகிறது. இது தவறு. தாத்தார், ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மொழி; துருக்கியம், துருக்கி நாட்டின் மொழி.

துருக்கியத்தின் ‘-அன்/-என்’ விகுதியும் தாத்தாரின் ‘-கான்/-கேன்’ விகுதியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது உண்மைதான். ஆனால் இவ்விரு மொழிகளும் உள்ள துருக்கிய மொழிக்குடும்பத்தில் முன்னது ஒகூஸ் என்னும் கிளையைச் சேர்ந்தது, பின்னது கிப்சாக் என்னும் கிளையைச் சேர்ந்தது. இரண்டிலும் இவ்விகுதிகள் ஆற்றும் பணி வெகுவாக விலகிவிட்டது.

துருக்கியத்தில் ‘கெலென்’ என்பது சூழலுக்கேற்ப ‘வந்த’ என்றும் ‘வருகிற’ என்றும் பொருள்படும். தாத்தாரின் ‘கில்கேன்’ இறந்தகாலத்துக்கே உரியது; நிகழ்காலத்துக்கு ‘கிலே தொர்கான்’ என்ற தனி வடிவம் உண்டு. மேலும், ‘உல் கில்கேன்’ என்றால் ‘அவர் வந்திருக்கிறார்’ என முழு வாக்கியமே அமைந்துவிடும். துருக்கியத்தில் அவ்விடத்தில் ‘கெல்மிஷ்’ வரவேண்டுமே தவிர, ‘கெலென்’ வினைமுற்றாக நிற்காது.

மிக முக்கியமான வேறுபாடு, எழுவாய் அல்லாத பெயரைத் தழுவும்போது தெரிகிறது. ‘நான் படித்த புத்தகம்’ என்பதைத் துருக்கியர் ‘பெனிம் ஒகுதூம் கிதாப்’ என்பர்; இங்கே விகுதி ‘-திக்’ வகைக்கு மாறுவதோடு, ‘என்’ என்னும் உடைமை விகுதியும் எச்சத்தோடு சேர்கிறது. தாத்தாரிலோ ‘மின் உகிகான் கிதாப்’ என்று, வேறு விகுதியோ உடைமைக் குறியோ இன்றி, ஏறக்குறைய நம் தமிழ்ப் பெயரெச்சத்தைப் போலவே அமைகிறது. தொடரமைப்பே இவ்வாறு வேறுபடும்போது, இதை வெறும் உச்சரிப்பு வேறுபாடாகக் கருதித் துருக்கிய இலக்கணத்தைக் கொண்டு தாத்தாரைக் கற்பிப்பது மாணவரைப் பிழைக்கே இட்டுச் செல்லும்.