ஒரே குடும்பமாம்!

கரும்புப் பணப் பாக்கி பற்றிப் பேசிய விவசாயிகள் குறைதீர் கூட்டத்து வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். அந்தச் சர்க்கரை ஆலை அதிகாரி மைக்கைப் பிடித்து, "விவசாயிகளும் ஆலையும் ஒரே குடும்பம், கொஞ்சம் பொறுமையா இருக்கணும்" என்கிறாரே, அப்போது பின்வரிசையில் பச்சைத் துண்டோடு குனிந்து உட்கார்ந்திருப்பவர் என் அப்பா.

குடும்பம்தான் சார். கைமாத்து வாங்கிவிட்டு, எதிரில் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிற சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் உண்டே.

கரும்பு ஆலைக்குப் போன 14 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 1966ஆம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த வட்டியைக் கையில் வாங்கிய ஒருத்தரை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. பொங்கல் கழித்து வெட்டினோம், 78 டன். பிழிதிறன், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, ஒன்பதரை சதவீதத்துக்குக் கீழே என்று எழுதி, டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு விலை போட்டார்கள். எடை போடுவது அவர்கள், பிழிதிறன் பார்ப்பது அவர்கள், சரி, அதையும் நம்பினோம். கெடு தாண்டி 110 நாள் ஆகிறது. வட்டி மட்டும் 11,600 ரூபாய் வருகிறது. வட்டியை விடுங்கள், அசலைக் கொடுங்கள் என்று கெஞ்சும் நிலைக்கு அப்பாவைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பேங்கில் போய் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால்தான் 4 சதவீத வட்டி. நாள் தவறினால் அந்தச் சலுகை போச்சு. ஆலை செய்த தாமதத்துக்கு அபராதம் எங்களுக்கு. அம்மாவின் வளையல் வேறு நகைக்கடனில் இருக்கிறது. 14 நாள், 14 நாள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

"ஆலையும் நஷ்டத்தில்தானே ஓடுது?" என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மை இருக்கலாம். சர்க்கரைக்குக் குறைந்தபட்ச விற்பனை விலையை 2019இல் கிலோ 31 ரூபாய் ஆக்கினார்கள், கரும்பு விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் சர்க்கரையோடு முடிகிறதா? சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸ் காசு, சக்கையில் மின்சாரம் எடுத்தால் அதுவும் காசு. நஷ்டம் வந்தால் மட்டும் நாங்கள் பங்காளிகளா?

"அப்போ வெல்லம் காய்ச்சு, வேற ஆலைக்குக் கொடு." சொல்பவர் கரும்பைப் பொங்கலன்று மட்டும் பார்த்தவர். எங்கள் ஊர் எந்த ஆலைக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் ஐயா. அந்த ஆலையில் பதிந்த கரும்பை நினைத்த இடத்துக்கு ஓட்டிப்போக முடியாது. வெட்டலாம் என்று ஆலையிலிருந்து வெட்டு ஆணை வராவிட்டால் வயலிலேயே காய வேண்டியதுதான். ஒழுங்காகப் பணம் தரும் ஆலைகளும் இருக்கின்றன என்பீர்கள். இருக்கட்டும், கும்பிடு.

அக்கா கல்யாணத்தின்போதும் இதே கதை. டிராக்டர் ஆலை வாசலில் இரண்டு நாள் நின்றது. காயக் காயக் கரும்பு எடை இறங்கும் என்று அப்பா ஒரு குடம் தண்ணீர் வாங்கி லோடு மேல் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்கு வயது பன்னிரண்டு. காவலாளி வந்து, "என்னய்யா, எடை ஏத்தறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அப்பா ஒன்றும் பேசவில்லை. எடைச்சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். பணம் கல்யாணம் முடிந்து ஏழாம் மாதம் வந்தது. ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் திருடர்கள். ஏழு மாதம் எங்கள் பணத்தை வைத்திருந்தவர்கள் குடும்பத்தார்.

அரசியல் பேசாதே என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் போடலாம். கரும்பு டன்னுக்கு 4,000 ரூபாய் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி கொடுத்தவர்களைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

இன்று காலை ஆலையின் ஃபீல்டுமேன் போன் செய்தார், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் கட்டைக் கரும்பை அதே ஆலைக்குப் பதிவு செய்யக் கையெழுத்து வேண்டுமாம். அப்பா "வாங்க தம்பி, வீட்லதான் இருக்கேன்" என்றார். அதிலிருந்து நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை.