ஸ்பானர் பிடிக்கிற கை

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை நடந்த தமிழ் நிகழ்ச்சியின் காணொளித் துண்டை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்தேன். நேரிலும் பார்த்தேன், அதே மேடையில், இடமிருந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து. இனிமேல் அனுப்ப வேண்டாம்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். ஆனால் காணொளிக்குக் கீழே “செம பதில்”, “ஐயா உள்ளதைச் சொல்லிட்டார்” என்று ஒருவர் பின் ஒருவராகக் கை தட்டுவதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

அந்தப் பையன் கேட்டது சாதாரணக் கேள்வி. தொடக்கக் கல்லூரியில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில், முதலாம் ஆண்டு. குவாண்டம் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்யும் வேலைக்குப் போக ஆசை, அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டான். மேடையில் இருபது வருடமாக அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒருத்தி இருந்தேன். மைக் என்னவோ மேடையில் இருந்த பெரியவரிடம், அதாவது ஐயாவிடம், போனது. அவர் சொன்னதை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள்: “ஸ்பானர் பிடிக்கிறதுக்கு எதுக்குத் தம்பி டாக்டர் பட்டம்? மூளை இருக்கிறவன் தியரி பக்கம் போவான். ஐன்ஸ்டீன் எப்பவோ சொன்னதை இவங்க உட்கார்ந்து சரிபார்க்கிறாங்க, அவ்வளவுதான்.”

அரங்கமே சிரித்தது.

சரிபார்க்கிறோம். சரி. ஐயா, அதே ஐன்ஸ்டீன் 1935-இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து, அணுவும் ஒளியும் எப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்கிற குவாண்டம் கோட்பாடு முழுமையானது இல்லை என்று எழுதினார். அவர் சொன்னதா, அந்தக் கோட்பாட்டின் பக்கம் நின்ற நீல்ஸ் போர் சொன்னதா, எது சரி என்று பல வருடம் காகிதத்திலேயே சண்டை நடந்தது. 1964-இல் ஜான் பெல் ஒரு கணக்குப் போட்டு, இதை அளந்து பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம் என்று வழி காட்டினார். கணக்கு இருந்தது. யார் அளப்பது? 1972-இல் பெர்க்லியில் ஜான் கிளாசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மன் என்ற ஆராய்ச்சி மாணவரும் அங்கே இங்கே கிடைத்த உதிரிபாகங்களைச் சேர்த்துக் கருவியைக் கட்டி அளந்தார்கள். கிளாசருக்கு உள்ளூர ஆசையெல்லாம் ஐன்ஸ்டீன் பக்கம்தான். அளவு எதிர்ப்பக்கம் வந்தது. அவரும் அதை அப்படியே எழுதிக் கொடுத்தார். அதாவது ஐயா, ஐன்ஸ்டீன் சொன்னதைச் சரிபார்க்கப் போய், அவர் எதிர்பார்த்த மாதிரி உலகம் இல்லை என்று கண்டுபிடித்தவர்கள் ஸ்பானர் பிடித்தவர்கள். 2022-இல் கிளாசர், அஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தது இதற்காகத்தான். ஃப்ரீட்மன் 2012-இலேயே இறந்துவிட்டார்.

சரிபார்ப்பது, சரிபார்ப்பது என்று சொல்லும்போது ஏதோ வீட்டுப்பாடத்தில் டிக் அடிப்பது மாதிரி ஒரு தொனி. ராமன் விளைவு நம் எல்லாருக்கும் பெருமை, திருச்சியில் பிறந்தவர், இல்லையா? ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது நிறம் மாறலாம் என்று 1923-இலேயே ஸ்மேகல் என்ற இயற்பியலாளர் காகிதத்தில் எழுதிவிட்டார். 1928-இல் கல்கத்தாவில் திரவத்தை வைத்து, வடிகட்டிக் கண்ணாடியை மாற்றி மாற்றி, இருட்டில் கண்ணாலேயே பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் ராமனும், வத்திராயிருப்பிலிருந்து போன கே. எஸ். கிருஷ்ணனும். ஐயாவின் கணக்குப்படி அவர்களும் சரிபார்த்தவர்கள்தான். அடுத்த தமிழ் நிகழ்ச்சியில் சொல்லிப் பாருங்கள், யார் கை தட்டுகிறார்கள் என்று.

“அக்கா, அவர் தமாஷுக்குச் சொன்னார், நீங்க ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறீங்க?” என்று எழுதப் போகிறவர்களுக்கு. தமாஷ் என்று எனக்கும் தெரியும். யாரை வைத்துத் தமாஷ் பண்ணலாம், யாரை வைத்துக் கூடாது என்று ஒரு ஊருக்குள் எழுதாத சட்டம் உண்டு. அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்து “கத்தி பிடிக்கிறதுக்கு எதுக்குப் பட்டம்” என்று அந்த மேடையில் யாராவது சொல்வார்களா? சொன்னால் சிரிப்பார்களா? கையால் வேலை செய்கிறவருக்கு மூளை கொஞ்சம் கம்மி என்று நமக்குள் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

இந்தக் கை என்ன செய்கிறது என்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். லேசர் ஒளியை ஒரு ஃபைபருக்குள், அதாவது மெல்லிய கண்ணாடி இழைக்குள், செலுத்த வேண்டும். ஃபைபரின் நடுவில் ஒளி போகிற பாதை ஐந்து மைக்ரான் அகலம், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முன்னால் இரண்டு கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு. ஒரு திருகைத் தொட்டால் மீட்டரில் அளவு விழும். பயந்துபோய்ப் பழைய இடத்துக்கே திருப்பினால் ஆயுள் முழுக்க அங்கேயே நிற்க வேண்டியதுதான். விழட்டும் என்று விட்டு, அடுத்த கண்ணாடியின் திருகைக் கொண்டு மீட்டெடுக்க வேண்டும். அப்போது முன்னைவிடக் கொஞ்சம் மேலே ஏறும். மறுபடி கெடுக்க வேண்டும், மறுபடி மீட்க வேண்டும். எவ்வளவு தூரம் கெடுக்கலாம் என்பதை எந்தச் சமன்பாடும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் தடவை எனக்கு மூன்று வாரம் ஆனது. இப்போது பத்து நிமிஷம். அந்த மூன்று வாரத்துக்கும் பத்து நிமிஷத்துக்கும் நடுவில் இருப்பதற்கு என்ன பெயர்? மூளை இல்லையாம்.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. அப்பா முப்பது வருடம் ஏர்கான் வேலை பார்த்தவர். ஈசூன் வட்டார அடுக்குமாடி புளோக்குகளில் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு கம்ப்ரஸர் மாட்டியவர். ஒரு முறை, வளாகத்தில் பொதுமக்களுக்கான நாளில், அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். ருபிடியம் அணுக்களைப் பிடித்து வைக்கும் வெற்றிடக் கலத்தைக் காட்டி, உள்ளே காற்றே இருக்கக்கூடாது, அதற்காக வாரக்கணக்கில் சூடாக்கிப் பம்ப் ஓட்டுவோம் என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். “காஸ் ஏத்துறதுக்கு முன்னாடி நாங்களும் வேக்யூம் எடுப்போம்மா. லீக் எப்படிப் பார்ப்பீங்க?” என்றார். ஹீலியம் அடித்துப் பார்ப்போம் என்றேன். “நாங்க சோப்பு நுரை” என்றார். அப்புறம் நான் காட்டியதையெல்லாம் விட்டுவிட்டு, மேலே போகும் குளிர்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்து, “இங்க இன்சுலேஷன் விட்டிருக்கு, வேர்த்துச் சொட்டும்” என்றார். அதற்கு நேர் கீழே எங்கள் லேசரின் மின்பெட்டி. இரண்டு மாதமாகக் காரணமே தெரியாமல் அது அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் நான்கு பேர். நாங்கள் மென்பொருளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்கு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், என்றால் என்னவென்று கடைசி வரை தெரியாது. அவரை வைத்தும் ஞாயிற்றுக்கிழமை சிரித்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மிகைப்படுத்துகிறேன் என்றால் மிகைப்படுத்துகிறேன்.

அடுத்த எதிர்ப்பு, “அப்போ தியரி தேவையில்லையா?” தேவை. அப்படி யார் சொன்னது? தாண்டிப் போவோம்.

“வங்கிக்குப் போனால் இரண்டு மடங்கு சம்பளம்.” உண்மை. என்னோடு படித்தவர்கள் போனார்கள், நன்றாக இருக்கிறார்கள், தீபாவளிக்கு அழைக்கிறார்கள்.

“டாக்டர் பட்டம் வாங்குகிற எல்லாருக்கும் பேராசிரியர் வேலை கிடைக்குமா?” கிடைக்காது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒப்பந்தம் இரண்டு வருடம், அப்புறம் வேறு நாடு, மறுபடி இரண்டு வருடம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் விமான டிக்கெட் பார்க்கும் பிழைப்பு. ஐயா இதைச் சொல்லி அந்தப் பையனை எச்சரித்திருந்தால் நானே கை தட்டியிருப்பேன். அவர் இதைச் சொல்லவில்லையே. ஐரோப்பாவில் ஒரு நேர்காணல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. “இந்தக் கட்டுரையில் உங்கள் பங்கு எது? சிந்தித்ததா, கட்டியதா?” என்று கேட்டார்கள். கட்டினேன் என்றேன். ஓ என்றார்கள். அந்த “ஓ”வையும் ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பையும் என் காது பிரித்துப் பார்க்க மறுக்கிறது.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. 2007-இல் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தை இங்கே தொடங்கினார்கள். பின்னிப் பிணைந்த ஃபோட்டான்களை, அதாவது தள்ளித் தள்ளி இருந்தாலும் அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புடைய ஜோடிகளை, விண்வெளியில் உண்டாக்க வேண்டும் என்று ஒரு குழு கையடக்கக் கருவி கட்டியது. 2014 அக்டோபரில் அதை ஏற்றிச் சென்ற அமெரிக்க ராக்கெட் கிளம்பிய சில விநாடிகளில் வெடித்துச் சிதறியது. இடிபாடுகளுக்குள் கிடந்த கருவியை எடுத்து வந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தால், வேலை செய்தது! அதை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். 2015 டிசம்பரில் அடுத்த கருவி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வியில் போனது. 2019-இல் ஸ்பூக்கி-1 என்ற, மூன்று கிலோவுக்கும் குறைவான செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் அதைச் சாதித்தது. நான் அந்தக் குழுவில் இல்லை, பெருமையில் பங்கு கேட்கவும் இல்லை. ராக்கெட் வெடித்தும் நொறுங்காத மாதிரி ஒரு கண்ணாடியையும் படிகத்தையும் எதோடு எப்படிப் பொருத்துவது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். கையில் ஸ்பானரோடு. 2024-இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்குக் கிட்டத்தட்ட 30 கோடி வெள்ளி அறிவித்தார்களே, அதை வைத்து எல்லாரும் கரும்பலகை வாங்கப் போகிறார்களா?

அப்புறம் “வாத்தியார் வேலை”. அதையும் ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார்: ஆராய்ச்சி வராதவங்கதான் பாடம் எடுப்பாங்க என்று. தம்பி, போன பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி பெல் சோதனை, அதாவது மேலே சொன்ன ஜான் பெல் வழி காட்டிய அதே அளவீடு, செய்தாள். ஐன்ஸ்டீன் நினைத்த மாதிரி உலகம் இருந்தால் அளவு 2-க்கு மேல் வராது. அதைத் தாண்ட வேண்டும், குவாண்டம் கோட்பாடு அனுமதிக்கிற உச்சம் 2.83. அவளுக்கு மூன்று வாரமாக 1.6. எனக்கு இரண்டாவது நாளே காரணம் தெரியும்: அவசர வழிப் பலகையின் பச்சை வெளிச்சம், ஃபோட்டான்களை எண்ணும் டிடெக்டருக்குள் கசிந்துகொண்டிருந்தது. சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று வாரம் பக்கத்திலேயே நின்றேன். ஒரு சாயங்காலம் அவளே விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் நின்று சுற்றிப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கறுப்பு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து டிடெக்டரை மூடினாள். 2.4. அவள் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அந்த மூன்று வாரம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆராய்ச்சி வந்தவர்கள் யாராவது செய்து காட்டட்டும்.

நீளமாகப் போய்விட்டது, தெரியும். ஐயா மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், அதுவும் பொய்யாகிவிட்டது. இருந்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. காணொளியை மறுபடி போட்டுப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் சொல்லாவிட்டாலும். கேமரா மேடைப் பக்கம் திரும்பும்போது மூன்றாவது நாற்காலியும் சிரித்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் பேசுகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், பல்லைக் காட்டினேன். பையன் கையில் மைக்கோடு இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் ஐயாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

அந்தத் தம்பியையோ அவன் ஆசிரியரையோ தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஆய்வுக்கூடத்தில்தான் இருப்பேன். மூடிய ஷூ போட்டு வரட்டும், செருப்போடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள்.