ரெண்டும் அரை இஞ்ச்தானே சார்!

காலையில் கூரியர் வந்தது. சின்ன அட்டைப்பெட்டி, உள்ளே கசங்கிய பேப்பர், அதற்குள் ஒரு கவர், அதற்குள் கப்ளிங்: டிராக்டரின் எண்ணெய் ஹோஸையும், மரத்தைக் கவ்வித் தூக்கும் கிராப்பிள் என்ற இரும்புக் கொடுக்கையும் இணைக்கிற பூட்டு. மூன்றாவது முறை. காபியைக்கூடக் குடிக்காமல் நேரே கொட்டகைக்குப் போய் ஹோஸ் முனையில் வைத்து அழுத்தினேன். உள்ளே போனது. காலர், அதாவது பூட்டுகிற வளையம், பாதி தூரம் வந்து நின்றுகொண்டது. 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும், வரவில்லை. அந்த ஒரு 'டக்'குக்காக ஐந்து வாரமாகக் காத்திருக்கிறேன். என் மகன் முதல் வார்த்தை பேசப்போகிறான் என்றபோதுகூட இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில்லை.

விற்றவருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதுதான் மேலே தலைப்பில் இருக்கிறது.

ரெண்டும் அரை இஞ்ச்தான். ஒத்துக்கொள்கிறேன். எட்டாம் நம்பர் செருப்பு கேட்டவனுக்கு ரெண்டும் இடது காலாக அனுப்பிவிட்டு "ரெண்டும் எட்டுதானே சார்" என்று சொல்ல முடியுமா? கப்ளிங்கில் உள்ளே நுழைகிற ஆண் பக்கம் ஒரு கம்பெனி, அதை வாங்கிக்கொள்கிற பெண் பக்கம் வேறு கம்பெனி, பார்க்க ஒன்றுபோல இருக்கும், பூட்டாது. இதை அவருக்குப் புரிய வைக்க நான் கட்டிய போன் பில்லில் ஒரு கிரீஸ் கன் வாங்கியிருக்கலாம்.

டிராக்டர் முன்னால் கிராப்பிள் மாட்டியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மாட்டாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எல்லாம் ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர் ஒற்றை விரலால் லீவரைத் தொடுகிறார், நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கிறது, மரத்தூரைக் கவ்வுகிறது, டிரெய்லரில் வைக்கிறது. பத்தே நொடி. பின்னணியில் நாதஸ்வரமும் டிரம்ஸும். அந்த வீடியோவில் முள் இல்லை, ஹோஸ் இல்லை, பின் டயர் இல்லை. பின் டயர் ஏன் இல்லை என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அது அந்நேரம் ஆகாயத்தில் இருந்திருக்கும்.

காரைக்குடி அருகே பள்ளத்தூர்ப் பக்கம் கண்மாய் ஓரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். முழுக்க சீமைக்கருவேலம். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னது, அதே வருஷம் அதற்குத் தடையும் வந்தது, இரண்டையும் கருவேலம் கண்டுகொள்ளவில்லை. மேலே வெட்டினால் அடியிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும், தூரோடு பிடுங்கினால்தான் போகும். ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கியதை யார் அள்ளுவது? முள்ளைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அள்ளுவதற்கும் ஜேசிபியைக் கூப்பிட்டால் மணிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். சரி, வீட்டில் லோடர் (முன்னால் பாரம் தூக்கும் இரும்புக் கை) மாட்டிய டிராக்டர் இருக்கிறதே, ஒரு கிராப்பிள் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் இத்தனை தண்டனை.

கடைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "என்ன கலர் சார் வேணும்?"

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நம் வழக்கம். நானும் அதையேதான் செய்தேன். பல் எத்தனை, தடிமன் எவ்வளவு, நுனியில் என்ன இரும்பு என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். மாட்டுக்குக் குடல் என்று ஒன்று இருக்குமே, அதைக் கேட்கவில்லை. லோடருக்கு எண்ணெய் போகும் வழி இரண்டுதான்: ஒன்று தூக்க, ஒன்று கவிழ்க்க. கவ்வுவதற்கு மூன்றாவது வழி வேண்டும். அதற்கு வால்வு ஒன்று போட்டு லீவரில் பட்டன் வைக்கலாம், ஆனால் பட்டனை அழுத்திக் கவ்வும்போது கவிழ்க்க முடியாது. இல்லையென்றால் பின்னால் டிப்பருக்குப் போகும் லைனை முன்னால் இழுத்து வரலாம். எனக்கு இந்த இரண்டாவதைத்தான் செய்து கொடுத்தார், பட்டன் வால்வுக்குத் தனிக் காசு என்பதால். அந்த லீவர் சீட்டுக்குப் பின்னால் வலது பக்கம் இருக்கிறது. இடது கை ஸ்டீயரிங், வலது கை லோடர் லீவர், கிராப்பிள் லீவருக்கு மூன்றாவது கை. பிரம்மாவிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

எடை இன்னொரு கூத்து. "லோடர் 600 கிலோ தூக்கும் சார்" என்றார். தூக்கும். கிராப்பிளே 210 கிலோ. மீதி 390. பச்சைக் கருவேலத்தூர் ஒன்று வேரும் மண்ணுமாக அதைத் தாண்டிவிடும். தூக்கினால் முன் டயர் அமுங்கும், பின் டயர் லேசாகும், பிரேக்கோ பின் டயரில்தான் இருக்கிறது. அதனால் பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை எடைக்காக மாட்டிக்கொண்டே திரிய வேண்டும், பாரத்தைத் தரையை ஒட்டியே கொண்டு போக வேண்டும். இதெல்லாம் வாங்கிய பிறகு பட்டுத் தெரிந்துகொண்டது. இரட்டை வாய் வாங்கியதில் மட்டும் எனக்குக் குறையில்லை. ஒற்றை வாய் என்றால் கோணல் தூரை ஒரு பக்கம் பிடித்து மறு பக்கம் நழுவ விடும். இது இரண்டு பக்கமும் தனித்தனியாக இறுக்கிப் பிடிக்கும்.

பிடிக்கும். அதுதான் பிரச்சனையே.

அன்றைக்கு முகூர்த்த நாள். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்கு நான் வெள்ளை வேட்டியும் சட்டையுமாகக் கிளம்பி நிற்கிறேன். டிரைவர் தம்பி, "சித்தப்பு, கடைசித் தூரு ஒண்ணுதான், பெரிசு, அப்படியே கவ்விக்கிட்டே செங்கல் காளவாசல்ல இறக்கிட்டு வந்துடுறேன்" என்றான். நானும் தலையாட்டினேன். வீதி வழியாகத்தான் போக வேண்டும், அதையும் யோசிக்கவில்லை. நம்ம செட்டிநாட்டு வீதி தெரியுமே. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவில் அரை பர்லாங் நீளத்துக்கு வீடு. பின்வாசல் சந்து முழுக்க இரண்டு பக்கமும் உயரமான சுவர். அதில் டிராக்டர் போகும், தூரின் வேர் இரண்டு பக்கமும் சுவரைத் தடவிக்கொண்டே போகும்.

சந்தின் நடுவில் ஒரு பெரிய வீட்டுப் பின்கேட். கம்பி கேட். ஒரு வேர் போய் அந்தக் கம்பிக்குள் நுழைந்துகொண்டது. கட்டை விரல் தடிமன்கூட இல்லை, ஆனால் கொக்கி மாதிரி வளைந்த வேர். அதே நேரத்தில் இன்னொரு கிளை ஹோஸை இழுத்திருக்கிறது. பாதி பூட்டியிருந்த கப்ளிங் அரைக்கால் இஞ்ச் பின்வாங்கிவிட்டது. அவ்வளவுதான்.

இந்தக் கப்ளிங்கில் இரண்டு பாதியிலும் ஒவ்வொரு வால்வு இருக்கும். முழுசாகச் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தள்ளித் திறக்கும், கொஞ்சம் விலகினால் இரண்டும் மூடிக்கொள்ளும். எண்ணெய் கொட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். இப்போது கவ்விய எண்ணெய் சிலிண்டருக்குள் மாட்டிக்கொண்டது. வாய் திறக்காது. தூக்கினால் கேட் பெயர்ந்து வரும். முன்னால் போனாலும் அதே கதி. பின்னால் வரலாம் என்றால் ரோட்டவேட்டருக்குப் பின்னால் கல்யாண மண்டபத்துக்குச் சாப்பாடு கொண்டு போகும் வேன். வேனுக்குப் பின்னால் ஐஸ் ஏற்றிய ஆட்டோ. ஆட்டோவுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு கார்.

நான் நடந்தே போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. இரண்டு பேர் கடப்பாரை போட்டு வாயை நெம்பினார்கள். உள்ளே இருப்பது 50 மில்லிமீட்டர் பிஸ்டன், பின்னால் 180 பார் அழுத்தத்தில் எண்ணெய், கணக்குப் போட்டால் மூன்றரை டன். கடப்பாரைக்காரர்கள் இருவரையும் சேர்த்து எடை போட்டால் 130 கிலோ தேறும். ஒருவர் கப்ளிங் நுனியைச் சுத்தியலால் தட்டச் சொன்னார், எண்ணெய் பீய்ச்சினால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் என்று நான் கத்தினேன். ஒருவர் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேட்டுக்குப் பின்னாலிருந்து வாட்ச்மேன் வந்தார். சென்னையில் இருக்கும் முதலாளிக்கு வீடியோ கால் போட்டு, போனை கிராப்பிள் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கமிருந்து நிதானமாக ஒரு குரல்: "யாரு தம்பி அது, என் கேட்டுக்குக் கை கொடுக்கிறது?"

எதிர்த் திண்ணையில் ஓர் ஆச்சி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இத வாங்கயில விடுறதுக்கும் சேத்துத்தான காசு குடுத்த?" என்று கேட்டார். ஐந்து வாரத்தில் இதைப் பற்றி யாரும் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு லீவரை முன்னும் பின்னும் ஆட்டுங்க சார், பிரஷர் இறங்கிடும்." இறங்கும், டிராக்டர் பக்கத்தில். வால்வுக்கு அந்தப் பக்கம் மாட்டியது எப்படி இறங்கும்? "கப்ளிங்கை நல்லா அழுத்தி மாட்டுங்க." உள்ளே அழுத்தம் இருக்கும்போது எப்படி மாட்டுவது? "நீங்க கழற்றும்போதே பார்த்திருக்கணும் சார்." நான் கழற்றவே இல்லையே! அது தானே கழன்றது!

கடைசியில் மெக்கானிக் அண்ணன் புதுவயலில் ஒரு ரைஸ் மில் வேலையை விட்டுவிட்டு வந்தார். எதுவும் பேசவில்லை. தூருக்கு அடியில் செங்கல் அடுக்கச் சொன்னார், பாரம் தரையில் உட்கார்ந்ததா என்று காலால் தள்ளிப் பார்த்தார், எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டு ஹோஸ் நட்டைச் சாக்கால் மூடி, ஸ்பேனரால் கால் சுற்று. 'ஸ்ஸ்ஸ்'. இன்னொரு கால் சுற்று. வாய் மெதுவாகத் தளர்ந்தது, கொட்டாவி விடுகிற மாதிரி. வேரைக் கம்பியிலிருந்து எடுத்தோம். கேட்டுக்கு ஒரு கீறல் இல்லை. சாக்கை எடுத்தபோது மிச்ச எண்ணெய் முழுக்க என் வேட்டியில். தள்ளி நிற்கச் சொன்னபோது நான் மட்டும் நிற்கவில்லை.

மணி இரண்டேகால். வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

இதற்கு அப்புறமும் "ரெண்டும் அரை இஞ்ச்தானே சார்". அதோடு இன்றைக்கு மத்தியானம் மெசேஜ் வேறு வந்திருக்கிறது: எங்கள் பொருள் பிடித்திருக்கிறதா, ஐந்து ஸ்டார் கொடுங்கள். பிடித்திருக்கிறது ஐயா. பிடித்தது பிடித்தபடியேதான் இருக்கிறது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். அன்றைக்குக் கல்யாண மண்டபத்துக்குக் கடைசிப் பந்திக்குத்தான் போனேன். எண்ணெய் வேட்டியோடு உள்ளே நுழையும்போதே, "கேட்டைப் பிடிச்ச மாமா வந்துட்டாக" என்று ஒரு பொடியன் கத்தினான். போகட்டும். இலையில் நம்ம செட்டிநாட்டு இனிப்பு, கவுனி அரிசி வைத்தார்கள். கறுப்பாக, தேங்காய்ப்பூ தூவி, நெய் மினுங்க, பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. வாயில் வைக்கப் போகிறேன், பின்னாலேயே ஒரு பையன் வந்து அதன் தலையில் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமை வைத்துவிட்டுப் போகிறான்! கவுனி அரிசிக்கு ஐஸ்கிரீம்! யார் கேட்டது? எந்த ஆச்சி இதற்கு அனுமதி கொடுத்தார்? சந்தில் என் வண்டிக்குப் பின்னால் காத்துக் கிடந்த அதே ஐஸ் ஆட்டோதான் இதைக் கொண்டு வந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் உருகியாவது போயிருக்கும்.

சாப்பிட்டேன். இரண்டாவது தடவை கேட்டேன். தீர்ந்துவிட்டதாம்.