ஸ்கோர் ஷீட் யாருக்குச் சொந்தம்?

நம் மாவட்டச் செஸ் போட்டிகளில் பிள்ளைகள் தங்கள் நகர்த்தல்களை எழுதிவைக்கும் தாள்தான் ஸ்கோர் ஷீட். அந்தத் தாள்களில் இருக்கும் ஆட்டங்களை யாரும் பார்க்கும்படி ஒரு டேட்டாபேஸாகத் தொகுத்துவருகிறோம், ஆட்டங்களைத் தாருங்கள் என்று கேட்டுவருகிறோம். அதற்கு நேற்று இரவு குழுவில் ஒரு செஸ் அகாடமிக்காரர் போட்ட பதிலைப் படித்தவர்களுக்கு நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று தெரியும். பெயர் போடப்போவதில்லை. "உங்கள் டேட்டாபேஸ் ரொம்பப் பயனுள்ளது, எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளின் ஆட்டங்களைத் தர முடியாது, எதிராளிகள் பார்த்துத் தயாராகிவிடுவார்கள்." இதை அவர் கொஞ்சமும் தயங்காமல் எழுதியிருக்கிறார், கீழே நாலைந்து பேர் கைதட்டியும் இருக்கிறார்கள். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதிராளியின் ஆட்டத்தை உங்கள் பிள்ளை பார்க்கலாம், உங்கள் பிள்ளையின் ஆட்டத்தை எதிராளி பார்க்கக் கூடாது. இதுதானே நீங்கள் சொல்வது? பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதும் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகிற காரியம் இது.

இந்த டேட்டாபேஸ் எதற்கு என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். செஸ்ஸுக்கு இலவச மென்பொருளுக்குக் குறைவில்லை. ஸ்டாக்ஃபிஷ் இலவசம். உலகத்தின் மிக வலுவான இன்ஜின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள், மூல நிரலோடு சேர்த்து இலவசம். அதைச் சோதித்துப் பார்ப்பதற்காக முகம் தெரியாத மனிதர்கள் 2013 முதல் தங்கள் கம்ப்யூட்டரை ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்டங்களைச் சேர்த்துவைத்துத் தேட ஷேன் ஹட்சன் எழுத ஆரம்பித்த ஸ்கிட் இலவசம், செஸ்எக்ஸ் இலவசம். ஆனால் மென்பொருள் மட்டும் இருந்து என்ன செய்வது, உள்ளே ஆட்டங்கள் வேண்டுமே. பெரிய போட்டிகளுக்கு மார்க் க்ரௌதர் 1994 முதல் வாராவாரம் 'தி வீக் இன் செஸ்' என்று தொகுத்து, நகர்த்தல்களை எழுத்தாகச் சேமிக்கும் பிஜிஎன் கோப்பாகத் தருகிறார், உலகமே அதைத் தின்று வளர்ந்திருக்கிறது. இலவசமாக ஆன்லைனில் செஸ் ஆடும் தளமான லிச்செஸ் 2013 ஜனவரி தொடங்கித் தன் தளத்தில் ரேட்டிங்குக்காக நடந்த ஆட்டங்கள் அத்தனையையும் எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டிருக்கிறது, பல நூறு கோடி ஆட்டங்கள். ஆனால் அவை ஆன்லைனில் ஆடியவை. அங்கே நேரடிப் போட்டி ஆட்டங்களுக்கென்று இருக்கும் மாஸ்டர்ஸ் தொகுப்பு 2200 ரேட்டிங்குக்கு (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) மேல் உள்ளவர்களுக்கானது. நம் மாவட்டத்தில் 1400 ரேட்டிங்கில் ஆடும் பையன் நாளைக் காலை யாரோடு மோதப்போகிறானோ அந்தப் பிள்ளையின் ஆட்டம் இவை எதிலும் கிடையாது.

போட்டி முடிவுகளைப் போடும் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் போய்ப் பாருங்கள். எந்தச் சுற்றில் யார் யாரை ஜெயித்தார் என்று பத்து வருடத்துக்கு முந்தையதுகூட இருக்கும். 1-0, அதாவது வெள்ளைக்கு வெற்றி, என்று இருக்கும். அந்த 1-0 எப்படி வந்தது என்பது மட்டும் இருக்காது. அது ஆர்பிட்டர் (போட்டி நடுவர்) மேசையில் கட்டுக் கட்டாகக் கிடந்துவிட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். ஆனந்துக்கு முன் இந்தியாவில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை, 1988-ல் அவர்தான் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் முப்பதுக்கும் மேல். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். இப்படி ஒரு ஊரில், பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடிய ஆட்டங்கள் கிலோ கணக்கில் எடைக்குப் போகின்றன. இது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினோம்.

வேலை என்றால் என்ன என்று அந்த நண்பருக்குத் தெரியுமா? ஒன்பது வயதுப் பிள்ளையின் கையெழுத்தை வைத்துக்கொண்டு, எண்ணும் எழுத்துமாகக் கிறுக்கியிருப்பதைப் பலகையில் காய் வைத்து ஒவ்வொன்றாக ஆடிப் பார்க்க வேண்டும். இரண்டு குதிரையும் ஒரே கட்டத்துக்குப் போக முடிகிற இடத்தில் எந்தக் குதிரை என்று எழுதாமல் விட்டிருப்பான். நாலு நகர்த்தல் தள்ளித்தான் அது வேறு குதிரை என்று தெரியும், திரும்பப் பின்னால் வர வேண்டும். சில தாளில் வெள்ளையின் நகர்த்தல் ஒன்று நடுவில் காணாமல் போயிருக்கும். அப்போது எதிராளியின் தாளைத் தேடிப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மாதான் தாளைப் படிப்பார், நான் தட்டுவேன். அம்மாவுக்குச் செஸ் ஆடத் தெரியாது. "ஈ நாலு, சி அஞ்சு, என் எஃப் மூணு" என்று படித்துப் படித்தே, அப்படித் தொடங்கும் சிசிலியன் ஆட்டம் வந்தால் "இது நேத்து வந்ததே" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் ஒரு தாளின் கடைசிப் பத்தியில் எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு நேரம் முடியப்போகுது போல, கை நடுங்கியிருக்கு" என்றார். ஆமாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடும் போட்டியில் கடைசி நகர்த்தல் வரை எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே எழுதி, அந்த ஆட்டத்தை ஜெயித்திருக்கிறாள். அந்தத் தாளும் எடைக்குத்தான் போயிருக்கும். "வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்வது" என்று நேற்று ஒருவர் கீழே எழுதியிருந்தாரே, அவர் என் அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, ரகசியம் என்கிற வாதத்துக்கு வருவோம். ஒரு ஆட்டத்தை இரண்டு பேர் ஆடுகிறார்கள். உங்கள் பிள்ளை ஆடியதில் பாதி இன்னொரு வீட்டுப் பிள்ளை ஆடியது. அவன் கையிலும் ஒரு தாள் இருக்கிறது. அவனுடைய பயிற்சியாளர் எங்களுக்குத் தந்தால் நீங்கள் யாரிடம் போய் எது உங்கள் ரகசியம் என்று சொல்வீர்கள்? உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி ஸ்கோர் ஷீட் போட்டி நடத்துபவருக்குச் சொந்தம், ஆடியவருக்குக்கூட அல்ல, அகாடமிக்கு எங்கிருந்து வந்தது? 2016-ல் உலக சாம்பியன் போட்டியின் நகர்த்தல்களைத் தங்களைத் தவிர யாரும் வெளியிடக் கூடாது என்று நடத்தியவர்களே நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தடை கிடைக்கவில்லை. உலக சாம்பியன் போட்டிக்கே கிடைக்காத பூட்டை மாவட்டப் போட்டியின் நாலாவது சுற்றுக்குப் போடப் பார்க்கிறோம். குகேஷும் பிரக்ஞானந்தாவும் காய் நகர்த்திய மறுகணம் உலகம் பார்க்கிறது. அதையும் மீறித்தான் ஜெயிக்கிறார்கள். ஆட்டத்தை ஒளித்துவைத்துத்தான் உங்கள் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்றால், நீங்கள் அந்தப் பிள்ளைக்கு ஆட்டத்தைத் தொடங்க ஒரே ஒரு வழிதான், ஒரே ஒரு ஓப்பனிங்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

பிழை இருக்கிறது என்கிறார்கள். இருக்கும். ஒரே பிள்ளை இனிஷியல் முன்னால், பின்னால், அப்பா பெயர் விரிவாக என்று மூன்று ஆளாக வருகிறது. அதற்காகத்தான் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஃபிடே தரும் எண்ணையும் சேர்க்கிறோம். ஸ்கிட்டில் ஒரே ஆட்டம் இரண்டு முறை வந்தால் கண்டுபிடித்து நீக்க வசதி இருக்கிறது, அதையும் செய்கிறோம். பிழையைப் பார்த்தவர் திருத்தி அனுப்பலாம், யார் தடுத்தது?

காசு கொடுத்து மெகா டேட்டாபேஸ் வாங்கிக்கொள் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு கோடிக்கும் மேல் ஆட்டம் இருக்கிறது, நல்ல பொருள்தான். யூரோவில் விலை. அதை வாங்க முடிகிற வீட்டுக்கு நாங்கள் இதைச் செய்யவில்லை.

ஒரு தாய் மட்டும் நியாயமான கேள்வி கேட்டார், சிறு பிள்ளைகளின் பெயர் பொதுவில் வரலாமா என்று. முடிவுப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயர், ஃபிடே எண், இவை தவிர எதையும் நாங்கள் போடுவதில்லை, வயதோ பள்ளியோ ஊரோ கிடையாது. அதுவும் வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் எடுத்துவிடுவோம். அவருக்கு இன்னும் விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

இப்போது கோபத்தில் நம் ஆட்களே சிலர் பாஸ்வேர்டு போடு, ஆட்டம் தந்தவருக்கு மட்டும் திற என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது, அவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனாலும் செய்ய மாட்டேன். பூட்டுப் போட்டால் அந்த அகாடமிக்கு ஒன்றும் ஆகாது, அவர்கள் வேறு வழியில் வாங்கிக்கொள்வார்கள். பயிற்சியாளர் இல்லாமல், அப்பாவின் போனில் லிச்செஸ் பார்த்தே ஆடக் கற்றுக்கொண்டு, இன்னும் ஒரு போட்டிக்கும் போகாத பிள்ளையிடம் தருவதற்கு எந்த ஆட்டம் இருக்கும்? வெளியே நிற்கப்போவது அந்தப் பிள்ளை. அந்த அகாடமிப் பிள்ளைகளும் எப்போதும்போல எடுத்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் மேல் எனக்கு என்ன வருத்தம். ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அந்த மனிதர் எதை எடுத்தார், எதைத் தர மறுத்தார் என்பதை நான் மறக்கப்போவதில்லை.

அடுத்த மாவட்டப் போட்டிக்கு ஆர்பிட்டரிடம் பேசியிருக்கிறோம், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தாள்களைப் படம் எடுக்க அனுமதி தந்திருக்கிறார். போன் வைத்திருக்கும் பெற்றோர் யாராவது இரண்டு பேர் கூட நின்றால் போதும். படத்தில் சுற்று எண், இருவர் பெயர், முடிவு தெரிய வேண்டும், கார்பன் படியாக இருந்தால் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள்.