கன்றைக் கொடுத்து மரத்தை வாங்குற கணக்கு

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏ-வில், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்கிற டிரேடுக்கான கெடு பிப்ரவரியில் நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி 1:30 மணிக்கு முடியும். விடிஞ்சா மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் பாஸ்கெட்பால் பார்க்கிற வாட்ஸ்அப் குழு எல்லாத்திலும் ஒரே சண்டைதான். "சின்னப் பயலுவள கொடுத்துட்டு ஒரு ஸ்டார வாங்கியிருக்கணும்" என்று ஒரு கூட்டம். "இருபது வயசுப் பையன விக்கிறவன் முட்டாள்" என்று இன்னொரு கூட்டம். ரெண்டு பேரும் தங்களுக்குத் தோதான ஒரு டிரேடை மட்டும் பிடித்துக்கொண்டு அடிப்பார்கள்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். ஆனால் லீக்கின் தலையாய ஏழெட்டுப் பேரில் ஒருத்தர் ஏற்கெனவே நம்ம அணியில் இருக்கணும். வருகிறவர் அவரோட வேலையைப் பங்கு போடாமல் வேறு வேலை பார்க்கணும். பையனோடு சேர்த்துத் தள்ளிவிடுகிற டிராஃப்ட் பிக்குகளுக்கு, அதாவது வருஷா வருஷம் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற உரிமைகளுக்கு, ஒரு எல்லை இருக்கணும். இதில் ஒண்ணு குறைந்தாலும் அந்த எளவு டிரேடே வேண்டாம்.

2007-ஐப் பாருங்க. பாஸ்டன் செல்டிக்ஸ் 22 வயசு அல் ஜெஃபர்சனையும் இன்னும் நாலு பேரையும் பிக்குகளையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து கெவின் கார்னெட்டை எடுத்தது. அதுக்கு முந்தின சீசனில் 24 வெற்றி. அடுத்த சீசனில் 66 வெற்றி, கோப்பையும் வந்தது. பால் பியர்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார், ரே ஆலனும் அதே கோடையில் வந்து சேர்ந்தார். பியர்ஸ் பந்தை வைத்து ஆடுகிறவர், ஆலன் ஸ்கிரீனை (எதிராளியை மறித்து நிற்கிற சக ஆட்டக்காரரை) சுற்றி ஓடி மூணு பாயின்ட் போடுகிறவர், கார்னெட் பின்னால் நின்று சத்தம் போட்டே தடுப்பாட்டத்தை நடத்துகிறவர். ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை வைக்கவே இல்லை.

2019-ல் லேக்கர்ஸ் செய்ததும் இதே மாதிரிதான். லான்ஸோ பால், பிராண்டன் இங்ரம், ஜோஷ் ஹார்ட், கூடவே பிக்குகள்; இத்தனையும் ஆன்டனி டேவிஸுக்காக. இங்ரம் அடுத்த சீசனிலேயே நியூ ஆர்லியன்ஸில் ஆல்-ஸ்டார் ஆகிவிட்டார். "பாத்தியா, விட்டுட்டானுவ" என்று கத்தினவர்கள் உண்டு. அதே சீசனில் லெப்ரானும் டேவிஸும் கோப்பை தூக்கினார்கள். கொடுத்த பையன் போன இடத்தில் வளர்வதாலேயே டிரேடு தப்பாகிவிடாது. அவன் இங்கேயே இருந்திருந்தால் லெப்ரான் கையில் பந்து இருக்கும்போது மூலையில் நின்று வேடிக்கை பார்த்திருப்பான்.

இப்போ ப்ரூக்ளின் நெட்ஸ், 2013. இதைக் கொஞ்சம் விரிவாப் பார்க்கணும், ஏன்னா எல்லாத் தப்பும் ஒரே டிரேடில் இருக்கு. கார்னெட்டுக்கு அப்போ 37 வயசு, பியர்ஸுக்கு 35. இவர்களுக்காக 2014, 2016, 2018 மூணு வருஷத்து முதல் சுற்று பிக்குகளும், 2017-ல் ரெண்டு அணி பிக்கில் நல்லதை எடுத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளும் உரிமையும் பாஸ்டனுக்குப் போச்சு. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் எதுக்கு என்றால், அடுத்தடுத்து ரெண்டு வருஷம் முதல் சுற்று பிக் இல்லாத நிலைக்குப் போகக்கூடாது என்று லீக்கில் விதி இருக்கு. டெட் ஸ்டெபியன் என்ற கிளீவ்லண்ட் முதலாளி 1980-களின் தொடக்கத்தில் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி, அவர் பேரிலேயே வழங்குகிறது. நடுவில் விடுகிற வருஷத்தை அடைக்கத்தான் ஸ்வாப் என்கிற இந்த மாற்று உரிமை. விதியை மீறாமலேயே தன் கழுத்தை அறுத்துக்கொள்ள ஒரு வழி!

பிக்குக்குப் பாதுகாப்பு என்று ஒண்ணு கேட்கலாம். "முதல் மூணு இடத்துக்குள் வந்தால் எங்களுக்கே, இல்லைன்னா உங்களுக்கு" என்று எழுதி வாங்குவது. நெட்ஸ் அதையும் கேட்கவில்லை. நம்ம குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். கன்று நட்டுப் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். ஒண்ணேகால் மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்று 50 சென்டிமீட்டர் வரணும். ஒரு என்பிஏ அணியும் அதிகபட்சம் ஏழு வருஷத்துக்கு அப்புறம் வரைக்குமான பிக்கைத்தான் கொடுக்க முடியும். நெட்ஸ் செய்தது, முறிக்கப் போகிற மரத்தில் மிச்சப் பாலையெல்லாம் எடுக்க நடக்கிற ஸ்லாட்டர் வெட்டைப் பார்த்துவிட்டு, "ஆஹா, என்னமா பால் வருது" என்று தோட்டத்து விலையையும் கொடுத்து, கன்று நடுகிற நிலத்தையும் எழுதிக் கொடுத்த கதை.

ஒரு சீசனில் 44 வெற்றி, பிளே-ஆஃப்பில் ஒரே ஒரு சுற்று. 2014-ல் பியர்ஸ் கிளம்பினார், 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் போனார். 2015-16-ல் நெட்ஸ் 21 வெற்றி, அதுக்கு அடுத்த சீசனில் 20. டிராஃப்டில் தோற்ற அணிக்குத்தான் முன்வரிசை வாய்ப்பு, அதனால் வேறு எந்த அணியும் இவ்வளவு தோற்றால் அதுக்கு நல்ல பிக்காவது மிஞ்சும். இங்கே தோல்வியின் பலன் பாஸ்டனுக்கு. 2016-ன் மூணாவது பிக் ஜேலன் பிரவுன். 2017-ல் முதல் பிக்கே கிடைத்தது. அதை பிலடெல்பியாவிடம் கொடுத்து மூணாவது இடத்துக்கு இறங்கி ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024-ல் பாஸ்டன் கோப்பை வாங்கியபோது அணியின் முதல் ரெண்டு பேர் இவர்கள்தான்.

2019-ல் கிளிப்பர்ஸ் ஒக்லஹோமாவிடமிருந்து பால் ஜார்ஜை வாங்கியதை இதே கணக்கில் சேர்ப்பது எனக்குச் சரியாப் படவில்லை. ஜார்ஜ் வந்தால்தான் கவாய் லெனர்டும் வருவார் என்ற நிலைமை. ஒரு விலைக்கு ரெண்டு பேர். ஆனால் விலையைப் பாருங்க: ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், கலினாரி, அஞ்சு முதல் சுற்று பிக், ரெண்டு ஸ்வாப், கடைசி பிக் 2026-க்கு. 2021 பிளே-ஆஃப் நடுவில் கவாயின் முழங்கால் போச்சு, 2024-ல் ஜார்ஜ் பத்து பைசா கைமாறாமல் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். ஒக்லஹோமாவிலோ, அந்தப் பிக்குகளில் ஒண்ணில் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார், ஷே 2024-25-ன் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார், 2025-ல் கோப்பையும் வந்தது.

ஷேயின் முதல் சீசன் சராசரி 10.8 பாயின்ட். அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர் "பரவாயில்லை, கொடுத்துடலாம்" என்றுதான் சொல்வார். பையனைப் பாயின்டை வைத்து எடை போடக்கூடாது. ஷே முதல் வருஷமே 82 ஆட்டமும் ஆடினார், அதுவும் ஆறரை அடி உயரத்தில், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டாக. ஒரு பையனைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற தடுப்பில்லாத வீச்சு) சதவீதம். இன்றைக்கு மூணு பாயின்ட் விழாவிட்டாலும் நாளைக்கு விழுமா என்பதுக்கு அது நல்ல அடையாளம். அப்புறம் அவன் ஆடுகிற நிமிஷங்கள் எதிரணியின் முதல் அஞ்சு பேருக்கு எதிராகவா, முடிந்துபோன ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிஷத்திலா என்பது. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவன் கால் எங்கே நிற்குது என்பதையும் பார்க்கணும். தன் ஆளையும் பார்த்து, பந்தையும் பார்த்து, கூடைக்குக் கீழே உள்ள பெயின்டுக்குள் ஒரு காலை வைத்திருக்கிற 19 வயசுப் பையனை லேசில் கொடுக்காதீங்க.

பலரும் தவறவிடுகிற இன்னொரு கணக்கு நிமிஷம். ஆட்டம் 48 நிமிஷம், களத்தில் அஞ்சு பேர், ஆக 240 நிமிஷம். ஸ்டாரும் 38 நிமிஷத்துக்கு மேல் தாங்கமாட்டார். மூணு பேரைக் கொடுத்து ஒருத்தரை வாங்கினால் 90 நிமிஷம் போய் 38 நிமிஷம் வரும், மிச்சம் 52-ஐ யார் ஆடுவது? 2023-ல் ஃபீனிக்ஸ் சன்ஸ் கெவின் டுரான்டுக்காக மிக்கால் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், கிரவுடர், நாலு பாதுகாப்பில்லாத பிக், ஒரு ஸ்வாப் கொடுத்தது. டுரான்ட் குறை வைக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைத்தது குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்தவர்கள். மேலும் ஒரு பெரிய சம்பளத்தை ஏற்றி இரண்டாவது ஏப்ரன் என்கிற லீக்கின் சம்பள எல்லையைத் தாண்டியதால், ரெண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒருத்தரை வாங்கும் வழியும் அடைபட்டது. 2024-ல் முதல் சுற்றில் 0-4 என்று தோல்வி, 2025-ல் 36 வெற்றியோடு பிளே-ஆஃப்பே இல்லை.

சம்பளத்திலும் பையன் மலிவு. முதல் சுற்றில் வந்தவனுக்கு நாலு வருஷ ஒப்பந்தம், கடைசி ரெண்டு வருஷமும் அணியின் விருப்பம். அது முடிந்தால் சம்பள உச்சவரம்பில் 25 சதவீதம் வரைக்கும் கேட்பான். பத்து வருஷம் ஆடின ஸ்டார் 35 சதவீதம். விற்கிறதாக இருந்தால் மூணாவது வருஷத்துக்குள் தெளிவா இருக்கணும்.

ரெண்டு பக்கமும் நல்லா வந்த டிரேடும் இருக்கு. 2022-ல் சாக்ரமென்டோ 21 வயசு ஹாலிபர்ட்டனைக் கொடுத்து சபோனிஸை வாங்கினப்போ சிரிக்காத ஆள் இல்லை. அங்கே டி'ஆரன் ஃபாக்ஸும் ஒரு கார்டு, ஹாலிபர்ட்டனும் கார்டு, கூடைக்குக் கீழே ஆட ஆளில்லை. அடுத்த சீசனில் 48 வெற்றி, 16 சீசன் தவறவிட்ட பிறகு பிளே-ஆஃப். ஹாலிபர்ட்டன் போன இந்தியானா 2025-ல் இறுதிச் சுற்றுக்கே போச்சு. சாக்ரமென்டோ தப்புப் பண்ணினதா என்று கேட்டால், ரெண்டு பேரில் யாரை வைப்பது என்பதில் வேண்டுமானால் தப்பு. ஒருத்தரைக் கொடுத்தது சரி.

குமரி மாவட்டத்தில் டிரேடு இல்லை, கெஸ்ட் பிளேயர் உண்டே. டோர்னமென்ட் வந்தால் வெளியூரிலிருந்து ஆள் இறக்குகிற கிளப்புகளுக்கும் இதே கணக்குதான், நிமிஷம் மட்டும் 200. கெஸ்டாக சென்டரை, அதாவது கூடைக்குக் கீழே ஆடுகிற உயரமானவரை, கூப்பிடுங்க. அன்றைக்குக் காலையில் வடசேரியில் பஸ் இறங்கினாலும் சாயங்காலம் ரீபவுண்ட் எடுத்துவிடுவார். பாயின்ட் கார்டை வெளியிலிருந்து கொண்டுவராதீங்க. யார் எந்தக் கையால் பந்தை வாங்குவான், எவன் ஸ்கிரீன் வைத்ததும் கூடையை நோக்கித் திரும்பி ஓடாமல் நின்றுவிடுவான் என்பதெல்லாம் ஆறு மாசம் கூட ஆடினவனுக்குத்தான் தெரியும். அந்த இடம் உள்ளூர்ப் பையனுக்கு.

பெஞ்சிலும் பையன்களுக்கு முதல் ஆட்டத்திலிருந்தே நிமிஷம் எழுதி வையுங்க. கெஸ்ட் சென்டர் மூணாவது குவார்ட்டரில் நாலாவது ஃபவுல் வாங்கி வெளியே வருவார், அது நடக்கும். அப்போ உள்ளே போகிறவன் அந்த டோர்னமென்டில் அதுவரைக்கும் வார்ம்-அப் சட்டையைக் கழற்றாதவனா இருந்தால், எதிரணி அடுத்த மூணு பந்தையும் அவன் மேல்தான் கொண்டுவரும்.